கடுகளவு ஈயும் மலைக்கு ஒரு நுண்ணோக்கியும்

(ஏற்காட்டில் நடந்த சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மலையேறி வந்து வாழ்த்துரை வழங்கிய ஊராட்சிப் பெருமக்களே, இடம் கொடுத்த பள்ளித் தாளாளர் அவர்களே, காலையிலிருந்து உட்காராமல் எல்லோருக்கும் இரத்தக்கொதிப்பு பார்த்த செவிலியர் சகோதரிகளே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் காபித் தோட்டத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வை அணிவித்த தோட்டத் தொழிலாளர் நண்பருக்குத் தனி நன்றி.

மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோயான காலா அசார் என்கிற லீஷ்மேனியா காய்ச்சலைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஈ எப்படிக் கடிக்கிறது, உடம்பு முதலில் என்ன செய்கிறது, மருந்து என்ன.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ரீங்காரம் கிடையாது. சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் பதுங்கிக் கிடந்து பொழுது சாய்ந்ததும் புறப்படும். பெண் ஈதான் கடிக்கும். தோலைக் கீறி, ஊறி நிற்கிற இரத்தத்தைக் குடிக்கும். அந்தக் கீறலில்தான் ஈயின் எச்சிலோடு ஒட்டுண்ணியும் இறங்குகிறது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஓடிவந்து ஒட்டுண்ணியை விழுங்கிவிடும். ஆனால் விழுங்கப்பட்டதில் பல சாவதில்லை. அடுத்து வருகிற மேக்ரோபேஜ் என்ற பெரிய வெள்ளணுவுக்குள் புகுந்து, நீண்ட வாலைச் சுருக்கி, உருண்டையாகிப் பெருகுகின்றன. காவல் நிலையத்துக்குள்ளேயே திருடன் குடித்தனம் வைத்த மாதிரி! 2008-ல் எலியின் காதுத் தோலில் நியூட்ரோஃபில் ஓடிவந்து ஒட்டுண்ணியை விழுங்குவதை ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள். நியூட்ரோஃபிலைக் குறைத்துவிட்ட எலிகளில் ஒட்டுண்ணியால் சரியாகக் காலூன்ற முடியவில்லை. அதற்காக உடம்பு தோற்றுப்போகிறது என்று நினைக்காதீர்கள். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து மேக்ரோபேஜை உசுப்பிவிட்டால், அது நைட்ரிக் ஆக்சைடு என்ற நச்சுப் பொருளை உண்டாக்கி உள்ளே இருப்பதைக் கொன்றுவிடும். ஒட்டுண்ணி ஏறிய பலருக்குக் காய்ச்சலே வராமல் போவது இப்படித்தான்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவன். விட்டுவிட்டுக் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரை, பிறகு மலேரியா மாத்திரை, பிறகு டைபாய்டு ஊசி. அவன் பேசுவது நமக்குப் புரியாது, நாம் பேசுவது அவனுக்குப் புரியாது. லைன் வீட்டுப் பக்கத்து அறை அம்மா தினமும் கஞ்சி கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் அவன் சட்டையை மாற்றிவிடும்போது அந்த அம்மா பார்த்திருக்கிறார்: கை கால் குச்சி, இடப்பக்க வயிறு மட்டும் கல்லாகப் புடைத்திருக்கிறது. "இது வெறும் காய்ச்சல் இல்லீங்க, உள்ள என்னமோ கட்டி இருக்குது" என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்தவனை மடியில் சாய்த்துக்கொண்டு சேலத்துக்குக் கூட்டிப்போனார். படிக்காத அந்த அம்மா கண்டது காலா அசாரின் அடையாளமான வீங்கிய மண்ணீரல்! பையன் பிழைத்தான். அந்த அம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். ஒரு கைதட்டல் கொடுங்கள்.

விரலில் ஒரு சொட்டு இரத்தம், காலா அசாரைக் கண்டறியும் ஆர்கே-39 சோதனைப் பட்டை ஒன்று. சில நிமிடத்தில் தெரிந்திருக்கும். 1903-ல் நம் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் டோனவன் ஒரு சிறுவனின் மண்ணீரல் இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அவர் பெயரால்தான் அது லீஷ்மேனியா டோனவனி. அவர் கையில் இருந்ததும் ஒரு நுண்ணோக்கிதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.

இது நம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை நோய் அல்ல. பீகார், ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம். தொட்டால் ஒட்டாது, யாரையும் ஒதுக்காதீர்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிப் பழங்குடி மக்களிடம் இந்நோயின் தோலில் வரும் வகை பதிவாகியிருக்கிறது. மலைச் சிற்றூர்களில் காய்ச்சல் என்று வருகிறவரின் இரத்தத்தை அங்கேயே பார்க்க ஓர் ஆய்வக நுட்புநரும் நுண்ணோக்கியும் வேண்டும். நான் பல மேடைகளில் கேட்பது இதைத்தான். மருந்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார்.

இதைக் கேட்டு ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். வணக்கம்.