எண்ணைக் குறைக்காதீங்க, நிபந்தனை போடுங்க

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டுல ‘மாய ஆயுதத்தை அடக்கி வைப்பது எண்ணா, நிபந்தனையா?’ இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால பேசின எதிரணித் தோழர், “பிளஸ் 3 வாளை பிளஸ் 1 ஆக்கு, பிரச்சினை தீர்ந்தது”ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். பிளஸ் 3-ன்னா, குறி பார்த்து உருட்டற பகடை எண்ணோடயும், பட்ட அடியோட பலத்தோடயும் 3 கூடும். புளி தூக்கலா இருக்கா, தண்ணி ஊத்துங்கற கதை. ரசத்துக்குச் சரிங்க. வாளுக்கு?

நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற அந்த மாதிரி விளையாட்டை நடத்துற டிஎம், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துற ‘டன்ஜன் மாஸ்டர்’. 2014-ல வந்த அஞ்சாம் பதிப்பு. நான் செஞ்ச தப்பை நானே சொல்லிடறேன். மூணாவது லெவல்லயே ஒருத்தருக்கு பிளஸ் 3 வாளைக் கொடுத்துட்டேன். விதிப் புத்தகம் அதை ‘வெரி ரேர்’, ரொம்ப அபூர்வம்ங்கற வரிசையில வச்சிருக்கு. நான் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி நீட்டிட்டேன்.

கணக்கைப் பாருங்க. காப்ளின்னு ஒரு குட்டி அரக்கன், அதோட ஏசி 15. ஏசின்னா குளிர்சாதனம் இல்லீங்க, ஆர்மர் கிளாஸ்; பகடை எண்ணும் தாக்குதல் எண்ணும் சேர்ந்து அதை எட்டினாத்தான் அடி படும். நம்மாளுக்குத் தாக்குதல் பிளஸ் 5. பகடையில 10 விழுந்தா அடி படும், அதாவது 55 சதவீதம். வாள் வந்ததும் 70. எதிரணி சொல்ற மாதிரி நானும் எண்ணைத்தான் தொட்டேன். காப்ளின்களோட ஏசியை 18 ஆக்கினேன். அவருக்கு மறுபடி 55. பிரமாதம்! ஆனா பக்கத்துல அதே பிளஸ் 5 வச்சுக்கிட்டு, சாதா வாளோட ஒரு பொண்ணு உக்காந்திருந்தாங்களே? அவங்களுக்கு இப்ப 13 வேணும். 40 சதவீதம். பரிசு ஒருத்தருக்கு, அபராதம் இன்னொருத்தருக்கு! மூணு சுற்று காத்துல வீசிட்டு அவங்க போனை எடுத்துட்டாங்க.

சரி, பிளஸ் 1 ஆக்கியிருந்தா? 20 பக்கப் பகடை, ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம். 20 தடவை வீசினா ஒரு அடி கூடப் படும். அதுக்குப் பேரு மாய வாளா?

நடுவர் அவர்களே, கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை நினைச்சுப் பாருங்க. அதோட பலத்துல இந்திரன் ஒரு துளிகூடக் குறைக்கல. கவச குண்டலத்தை விலையா வாங்கினான், ஒரே தடவைன்னு கட்டு போட்டான். அர்ச்சுனனுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சதை, ராத்திரிப் போர்ல கடோத்கசன் மேல விட வேண்டியதாப் போச்சு. கடோத்கசனை அனுப்பி அதை விட வச்ச கண்ணன்தாங்க உண்மையான டிஎம்!

நானும் அதைத்தான் செஞ்சேன். அவர் சம்மதத்தோட அந்த வாளைக் கதையில உடைச்சு, பதிலா ‘ஃபிளேம் டங்’ங்கற தீ வாளைக் கொடுத்தேன். அடிக்கு 3 புள்ளி ஏத்தினது போய், ரெண்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 7. எதிரணித் தோழரே, எண்ணை நான் ஏத்தியிருக்கேன்! ஆனா குறி பார்க்க உதவின அந்த பிளஸ் 3 போயிடுச்சு. காப்ளினோட ஏசி பழையபடி 15, அந்தப் பொண்ணுக்கும் 55. ஏழு புள்ளி ரொம்ப அதிகம்னு இன்னும் முறைக்கிறீங்க, தெரியுது. இருங்க. தீ பிடிக்கணும்னா மந்திரச் சொல்லை வாய்விட்டுச் சொல்லணும். பிடிச்சா 40 அடி தூரத்துக்குப் பளீர்னு வெளிச்சம், அதுக்கப்புறம் இன்னொரு 40 அடி தூரத்துக்கு மங்கல். சிவப்பு டிராகன் வந்தா அந்தத் தீ அதை ஒண்ணும் செய்யாது.

போன ஆட்டத்துல குகைக்குள்ள காப்ளின் கூட்டமே தூங்குது. நடுவுல இவர் வாளோட நிக்கிறார். அந்தப் பொண்ணு போனைக் கவுத்து வச்சுட்டு, “சொல்லாதீங்க, சொல்லாதீங்க”ன்னு கிசுகிசுக்கிறாங்க. பகடையை உள்ளங்கையில உருட்டிக்கிட்டே அஞ்சு நிமிஷம் யோசிச்சார் மனுஷன். அப்புறம்...

மணி அடிச்சுட்டீங்களா? சொன்னாரா இல்லையான்னு வெளிய டீ குடிக்கும்போது சொல்றேன். நன்றி, வணக்கம்.