பால் ஜில்லென்று இருக்கிறது, சென்சார் 85 என்கிறது

வணக்கம். போன காணொளிக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு கேள்வி மூன்று நாளாக என் கூடவே சுற்றுகிறது. பல் தேய்க்கும்போது நினைவு வந்து தனியாகச் சிரிக்கிறேன், வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கேள்வியைப் படிக்கிறேன். அதில் வருகிற டிஎஸ்18பி20 என்பது சூட்டை அளக்கிற சென்சார், ஈஎஸ்பி32 என்பது நாம் எழுதுகிற ப்ரோகிராமை ஓட்டுகிற குட்டிக் கணினிப் பலகை. "அண்ணா, தயிருக்குப் பால் காய்ச்ச ஒரு சின்னக் கருவி செய்தேன். டிஎஸ்18பி20 சென்சார், ஈஎஸ்பி32 போர்டு, ஒரு பஸ்ஸர். பால் 85 டிகிரியைத் தொட்டதும் பஸ்ஸர் அடிக்கும். சத்தம் கேட்டு வீட்டில் யாராவது அடுப்பை அணைத்துவிடுவார்கள். சில நாள் ஒழுங்காக நடக்கிறது, தயிர் கெட்டியாக வருகிறது. சில நாள் தண்ணீராகப் போகிறது. ஒரு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பாத்திரத்தை வைத்த கையோடு பஸ்ஸர் அடித்தது, திரையில் 85, பாத்திரத்தைத் தொட்டால் ஜில். சென்சார் போலியா? வேறு வாங்கவா?"

வாங்காதீர்கள். அதுவும் கெட்டுப்போகவில்லை, போலியும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்திருப்பது ஓர் அபூர்வமான தற்செயல். அதனால்தான் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி. உங்கள் தயிர் கெட்டதில் இல்லை, இந்தத் தற்செயலில்.

அந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதற்குள் ஒரு குட்டி நினைவகம் இருக்கிறது. நாம் "அள" என்று கட்டளை கொடுத்தால் அது அளந்து, விடையை அந்த நினைவகத்தில் எழுதி வைக்கும். முழுத் துல்லியத்தில், அதாவது 12 பிட்டில், அளந்து முடிக்க முக்கால் நொடி வரை ஆகும், 750 மில்லிநொடி. அப்புறம்தான் நாம் போய் "என்ன வந்தது?" என்று படிக்க வேண்டும். சரி, இன்னும் ஒரு தடவைகூட அளக்காதபோது அந்த நினைவகத்தில் என்ன இருக்கும்? காலியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. மின்சாரம் கொடுத்த கணத்தில் அங்கே ஏற்கெனவே ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அந்த எண் 85.

ஆமாம், 85 டிகிரி செல்சியஸ். தயாரித்தவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தகவல் தாளிலேயே போட்டிருக்கிறது. தோட்டத்து மண்ணையோ மீன் தொட்டியையோ அளக்கிறவர் திடீரென்று 85 வந்தால் உடனே சந்தேகப்படுவார். மீன் தொட்டி 85 டிகிரியில் இருந்தால் அது மீன் தொட்டி இல்லை, மீன் குழம்பு. ஆனால் நீங்கள் உலகத்தில் இருக்கிற எத்தனையோ எண்களை விட்டுவிட்டு, சரியாக அந்த 85-க்காகக் காத்திருக்கிறீர்கள்!

உங்கள் ப்ரோகிராமையும் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். திரை தடுமாறாமல் ஓடட்டும் என்று, அளவு முடியும்வரை காத்திருக்கும் வேலையை எடுத்துவிட்டிருக்கிறீர்கள். கட்டளை கொடுத்த மறுகணமே படிக்கிறீர்கள். முதல் தடவை மட்டும் பழைய எண், அதாவது 85, வந்து விழும். "85-க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பஸ்ஸர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிட்டது. 86 என்று எழுதியிருந்தால் இந்தக் கோளாறு இருப்பதே ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

சில நாள் மட்டும் ஏன்? இதையும் அவரிடமே கேட்டு எழுதினேன், பதில் வந்தது. தயிர் கெட்ட நாள்களில் எல்லாம் அவர் போர்டை அப்போதுதான் பிளக்கில் செருகியிருக்கிறார். மற்ற நாள்களில் போர்டு முந்தைய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பொத்தானை மட்டும் அமுக்கித் தொடங்கியிருக்கிறார். புதிதாக மின்சாரம் கிடைத்தால்தானே அந்த 85 பிறக்கும்.

நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். எண் வேறு, அளவு வேறு. ஓவன் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன். திருகில் 180 என்று இருந்ததால் உள்ளே 180 இருந்ததாக அர்த்தமில்லை என்று அரை மணி நேரம் பேசினேன், "ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்வீர்கள்" என்று திட்டும் வந்தது. மறுபடியும் சொல்கிறேன். திரையில் ஓர் எண் வந்துவிட்டதாலேயே எதையும் அளந்ததாக ஆகிவிடாது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இந்த 85 பொய் என்று அங்கேயே பிடித்துவிடலாம். ஒரு லிட்டர் பாலை 30 டிகிரியிலிருந்து 85-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 220 கிலோஜூல் வேண்டும். ஆயிரம் வாட் அடுப்பு, ஒரு துளி சூடுகூட வீணாகாமல் பாலுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். உங்கள் சென்சார் சொல்வது போல ஒரு நொடியில் ஏற வேண்டுமானால் 220 கிலோவாட் அடுப்பு வேண்டும். அப்படி ஓர் அடுப்பு வீட்டில் இருந்தால் தயிரைப் பற்றிய கவலை உங்களுக்கு இருக்காது. ஆகவே ப்ரோகிராமில் இதைச் சேருங்கள்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவே சூடு ஐந்து டிகிரிக்கு மேல் குதித்தால் நம்பாதே. முதல் அளவைத் தூக்கிப் போடு. முக்கால் நொடி காத்திரு. உண்மையான 85 இப்படித் திடீரென்று குதித்து வராது. 83, 84 என்று படியேறித்தான் வரும்.

இன்னொன்று, சென்சாரின் மூன்று வயரையும் இணைத்திருக்கிறீர்களா என்று படத்தில் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டே வயரில், தகவல் வயரிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டும் இது ஓடும். ஆனால் அளக்கிற நேரத்தில் ஒன்றரை மில்லியாம்பியர் வரை கேட்கும். வழக்கமாகப் போடுகிற 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அவ்வளவு வராது. அளக்க முடியாமல் திணறி, மறுபடியும் பழைய 85-ஐயே நீட்டும். மூன்றாவது வயரைக் கொடுத்துவிடுங்கள். பிரெட்போர்டில் லூசாகச் செருகிய ஜம்பர் வயரும் இதே கூத்தைச் செய்யும். ஒரு கணம் விட்டுப் பிடித்தால் போதும், சென்சார் புதிதாய்ப் பிறந்து "85" என்று கத்தும்.

வயர் என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தயிர் உறைகிற நேரத்தில் சூட்டைப் பிடித்து வைக்க நான் ஒரு தெர்மோகோல் பெட்டி செய்தேன். உள்ளே 12 வோல்ட் ஹீட்டிங் பேட், இதே சென்சார், ஹீட்டரைப் போட்டு அணைக்க ஒரு ரிலே. 41-க்குக் கீழே போனால் ஹீட்டர் போடு, 43-ஐத் தொட்டால் நிறுத்து. இரண்டு வாரம் அருமையாக ஓடியது. ஒரு நாள் இரவு, மூடியைச் சாத்தும்போது இழுபட்டிருந்த தகவல் வயர் நடுவில் கழன்றுவிட்டது. சென்சாரைக் காணோம் என்றால், அதைப் படிக்க நாம் பயன்படுத்துகிற லைப்ரரி, அதாவது ஆயத்த ப்ரோகிராம், திருப்பிக் கொடுக்கிற எண் என்ன தெரியுமா? மைனஸ் 127. நான் எழுதிய ப்ரோகிராம் அதை வாங்கிப் பார்த்தது. "அடடா, மைனஸ் 127-ஆ? பால் விறைத்துப் போயிருக்குமே!" ஹீட்டரைப் போட்டது. விடிய விடியப் போட்டுக்கொண்டே இருந்தது. காலையில் திறந்தால் மேலே இளம்பச்சைத் தண்ணீர், கீழே ரப்பர் மாதிரி கட்டி. பேட் இருந்த பக்கம் தெர்மோகோல் லேசாக உருகி உள்வாங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தயிர் போனால் போகட்டும், வீடு?

அன்றிலிருந்து எந்தச் சூடாக்கும் கருவிக்கும் எனக்கு ஒரே விதிதான். சந்தேகமான எண் வந்தால் ஹீட்டர் அணைய வேண்டும். "தெரியவில்லை" என்ற பதிலுக்கு ப்ரோகிராமில் ஓர் இடம் வைத்துவிட வேண்டும். அதற்கு மேலும் ப்ரோகிராமை நம்பாமல், சூடு எல்லை மீறினால் தானே அறுந்துபோகிற தெர்மல் ஃபியூஸ் ஒன்றை ஹீட்டரோடு தொடராக வைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் பெட்டிக்கு வீட்டு மின்சாரத்தை நேராகக் கொண்டுவரவும் வேண்டாம், 12 வோல்ட் போதும்.

படத்தில் சென்சார் குழாய் பாலுக்குள்ளேயே தொங்குகிறது. அது வேண்டாமே. குழாய் எஃகுதான், ஆனால் உள்ளே இருக்கிற பசையும் அந்தப் பிளாஸ்டிக் வயரும் உணவில் முக்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்குங்கள். சென்சார் வெளித் தண்ணீரில் இருக்கட்டும். பால் கொஞ்சம் பின்தங்கித்தான் சூடேறும், அதனால் தண்ணீரை 90 பக்கம் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். அடியும் பிடிக்காது.

இந்தக் கேள்விக்குக் கீழேயே ஒருவர், "பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கினதுதானே, எதற்கு மறுபடியும் 85?" என்று எழுதியிருக்கிறார். பாஸ்சுரைஸ் செய்வது பெரும்பாலும் 72 டிகிரியில் 15 நொடி. கிருமிக்கு அது போதும், தயிருக்குப் போதாது. 85 பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றால்தான் பாலில் இருக்கிற மோர்ப் புரதம் சுருள் அவிழ்ந்து கேசின் என்கிற இன்னொரு புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பிடித்து வைக்கிற வலை அப்போதுதான் இறுகும். அது நடக்காவிட்டாலும் பால் புளிக்கும், உறையவும் செய்யும், ஆனால் கரண்டி வைத்ததும் தண்ணீர் விட்டுவிடும். கருவி செய்தவருக்கு நடந்தது அதுதான்.

சரி, நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது. கேட்டிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கும் சொல்லிவிடுகிறேன். சென்சாரே இல்லாமல் இத்தனை காலமும் தயிர் எப்படி உறைந்தது? விரல் விட்டுப் பார்த்துத்தானே? சுடவும் கூடாது, ஆறிப்போகவும் கூடாது, பொறுக்கிற சூடு. அது எப்படி அவ்வளவு சரியாக அமைந்தது?

நம் தோலுக்கு அடியில் இருக்கிற நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஒரு ஏற்பி இருக்கிறது. சூடு ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு "சுடுகிறது" என்று சேதி அனுப்பும். மிளகாய் எரிவதும் இதே ஏற்பியால்தான், அதனால்தான் காரத்தையும் சூடு மாதிரியே உணர்கிறோம். 1997-இல் இதை அடையாளம் கண்ட குழுவை நடத்திய டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. இனி இந்தப் பக்கம் பாருங்கள். தயிராக்குகிற பாக்டீரியாக்கள் துள்ளி விளையாடுகிற சூடு 40-லிருந்து 45 வரை. 50-ஐத் தாண்டினால் வேலை படுத்துவிடும். விரல் "சுடுது, ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்கிற இடமும், உறைமோர் "வா, வா" என்று சொல்கிற இடமும் ஒன்றாக விழுந்திருக்கிறது!

நான் உட்பட எல்லோரும் கருவி செய்வது அந்த 43-ஐக் கண்டுபிடிக்கத்தான். அதைச் சுத்தமாகக் கழுவிய ஒரு விரல் பார்த்துக்கொள்ளும். இரவெல்லாம் காவல் காக்க விரலால் முடியாது, அதற்குப் பெட்டி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 85 விரலுக்குத் தெரியவே தெரியாது. 60, 70, 85 எல்லாம் விரலுக்கு ஒன்றுதான், "ஆ!" அவ்வளவுதான். ஆக, கருவி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் 85. இந்த டிஎஸ்18பி20 பொய் சொல்வதற்குத் தேர்ந்தெடுத்த இடமும் அதுவே. அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டுவேன் என்று அது வாக்குக் கொடுப்பது மைனஸ் 10-லிருந்து எதுவரை தெரியுமா? அதுவும் 85 வரைதான். மூன்று 85!

விரலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு கையைச் சூடான தண்ணீரிலும் மறு கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். ஒரு கை குளிர்கிறது என்னும், மறு கை சுடுகிறது என்னும். பாத்திரம் கழுவிவிட்டு வந்த கையோடு பாலைத் தொட்டுப் பார்க்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

வாங்கிய சென்சார் உண்மை பேசுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஐஸைப் பொடித்து ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்புகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, கலக்கி, சென்சாரை நடுவில் இரண்டு நிமிடம் வையுங்கள். கண்ணாடியில் முட்டக் கூடாது. 0 காட்ட வேண்டும், மேலே கீழே அரை டிகிரி போகலாம். அப்புறம் கொதிக்கிற தண்ணீர். கடல் மட்டத்தில் 100. உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், மலைமேல் இருப்பவர்கள் சென்சாரைத் திட்டாதீர்கள். அங்கே அரை டிகிரி வாக்குறுதியும் கிடையாது, ஒன்றிரண்டு டிகிரி தவறினால் மன்னித்துவிடுங்கள். உப்புப் போட்டால் கொதிநிலை ஏறிவிடுமே என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். லிட்டருக்கு 10 கிராம் போட்டால் 0.2 டிகிரிகூட ஏறாது.

இந்த 0, 100 எல்லாமே மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். செல்சியஸ் 1742-இல் தன் அளவைச் சொன்னபோது தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. தலைகீழ்! பின்னால்தான் திருப்பிப் போட்டார்கள். எண் வேறு, அளவு வேறு என்று நான் கத்துவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கேள்வி கேட்டவர் இந்த வாரம் ஐஸ் சோதனையைச் செய்துவிட்டு, என்ன வந்தது என்று எழுதுங்கள். 0.3 வந்தாலும் எழுதுங்கள், மைனஸ் 0.4 வந்தாலும் எழுதுங்கள். 85 வந்தால் முக்கால் நொடி பொறுத்து மறுபடியும் படியுங்கள். மைனஸ் 127 வந்தால் எனக்கு எழுத வேண்டாம், வயரைப் பாருங்கள்.