உப்புக் காற்று எதைத் தின்கிறது?

நடுவர் அவர்களே, கடலோரப் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதே புத்திசாலித்தனம் என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். உப்புக் காற்று சுவரைத் தின்னும், ஏசி குளிர் உள்ளே நிற்காது, கரண்ட் பில் எகிறும். இதுதானே வாதம்?

உப்புக் காற்று எதைத் தின்கிறது ஐயா? தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பழுது பார்த்துப் பார்த்தே இன்றும் கடலுக்கு எதிரே நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும்! கான்கிரீட்டுக்குள்ளோ உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துப் பருத்துத் தளத்தையே பிளக்கும். அண்ணாந்து பார்த்தால் கம்பி நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

என் மாமனார் வீடும் கடற்கரைத் தெருதான். சுவர் பொரிகிறதே என்று சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினோம். யோசனை என்னுடையதுதான், திட்டும் எனக்குத்தான். இரண்டே மழைக்காலம், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. வேர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட கதை! அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புதான் பூசினோம்.

ஏசி குளிர் நிற்காது என்றார். முற்றம் வைத்த கூடத்தில் நிற்காதுதான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே யார் மாட்டச் சொன்னது? ஒரு படுக்கையறையை மட்டும் இடுக்கில்லாமல் அடைத்து, ஒரு இன்வெர்ட்டர் ஏசி. மற்ற இடங்களுக்குக் கனத்த சுவரும், முற்றத்துக் காற்றும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறியும் போதும். பழைய விசிறி 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட் சொச்சத்தில் சுற்றும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை மீது வெள்ளை ஓடு பதித்தால் பாதி வெயில் அங்கேயே திரும்பிவிடும்.

சோலாரா? தாராளமாக. பாரம் உத்திரத்தின் நடுவில் விழாமல் சுவர்மேல் இறங்கும்படி பொறியாளரை வைத்துப் பொருத்துங்கள். தாங்கி சாதா இரும்பாக இருந்தால் உப்புக்கு விருந்துதான். துத்தநாகம் பூசியதாக வாங்குங்கள். சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறது. அது பழைய வீட்டுக்குக் கிடையாது என்று யாராவது சொன்னார்களா?

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. மேடை ஏறும் முன் எதிரணி நண்பர் எங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தார் தெரியுமா? பக்கத்துப் பழைய வீட்டுத் திண்ணையில், சாய்ந்தபடி, விசிறிகூட இல்லாமல். எழுந்து நிற்கச் சொல்லுங்கள். சட்டை முதுகில் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது!