தாகமும் தன்மதிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுக்கும் டயாலிசிஸ் பிரிவில் நான் நர்சாக வேலை பார்க்கிறேன்.

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வாரம் 3 நாள் எங்களிடம் வருவார். எடை மெஷினில் ஏறுமுன் தோள்துண்டை எடுத்து வைப்பார். சட்டைப்பைச் சில்லறையைக்கூட மகளிடம் கொடுப்பார். அப்படியும் 4 கிலோ கூடியிருக்கும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். 1 லிட்டர், 1 கிலோ. அத்தனையையும் 4 மணி நேரத்தில் எடுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். எடுக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

ஒருநாள் எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டுவிட்டேன். "சின்னப் பிள்ளையா நீங்க?" பேசாமல் இருந்தார். அடுத்த முறை வரவில்லை. அப்புறம் மூச்சுத்திணறலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

தேறியதும் சொன்னார்: "வயலக் குத்தகைக்கு விட்டாச்சு. ஆட்டோவுக்கும் மகதான் குடுக்கா. நான் இருந்து என்ன தாயி? தண்ணியாவது ஆசதீரக் குடிச்சிட்டுப் போறேன்."

தன்னையே வேண்டாம் என்று நினைப்பவரிடம் அளவைச் சொல்லி என்ன பயன்?

"மடை திறந்து பாய்ச்சின ஆளு நீங்க. உங்க தண்ணிக்கும் நீங்களே கணக்குப் பாருங்களேன்" என்றேன். டாக்டர் அவருக்குச் சொன்னது நாளைக்கு 750 மில்லி. இது ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது. காலையில் அந்த 750 மில்லி தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தார். காப்பி, ரசம், கஞ்சி எது குடித்தாலும், அதே டம்ளரால் பாட்டில் தண்ணீரை அளந்து முருங்கை மூட்டில் ஊற்றிவிடுவார். மிச்சம் இருப்பது அவர் பங்கு.

உப்பையும் சொல்ல வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போட்டுவிட்டு "தண்ணி குடிக்காதிய" என்பது கொடுமை. உப்பு குறைந்தால் தாகமும் குறையும். வெயிலுக்கு நல்லது என்று இளநீரை நீட்டாதீர்கள். தண்ணீர் ஒரு பக்கம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்து.

வீட்டில் உள்ளவர்களே, விருந்தாளி முன்னால் "அவுகளுக்குக் காப்பி குடுக்காதிய" என்று தடுக்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

போன வாரம் பெரியவர் தோளில் துண்டோடு எடை மெஷினில் ஏறினார். நான் குனிந்து பார்க்குமுன் அவரே சொன்னார்:

"ரெண்டு கிலோதான் கூட இருக்கு தாயி. எழுதிக்கிடுங்க."