டெமோவைப் பார்த்து மயங்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. கடை வைத்திருப்பவர், டியூஷன் எடுப்பவர், கோயில் கமிட்டிக்காரர் என்று யார் வந்தாலும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இணையதளத்துக்கு நல்ல டெம்ப்ளேட் ஒன்று சொல்லுங்கள், மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்." பார்த்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. தளம் கட்ட உதவும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. 2005-இல் அதன் 1.5 பதிப்போடு தீம் என்ற ஏற்பாடும் (நீங்கள் கேட்கிற டெம்ப்ளேட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) வந்து, நாம் எழுதுவது ஓரிடம், அது கண்ணுக்குத் தெரிகிற தோற்றம் இன்னோரிடம் என்று பிரிந்துவிட்டதால், கோடிங் வாசனையே இல்லாதவரும் இன்று ஒரு சாயங்காலத்தில் தளம் போட்டுவிடலாம். இலவசத் தீம்களே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

ஏன் என்றால், எல்லோரும் டெமோவை, அதாவது தீமைச் செய்தவர் காட்டுவதற்காக அலங்கரித்து வைத்த மாதிரித் தளத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். பவானியில் ஜமக்காளம் விற்கிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெமோவில் திரை முழுக்க விரிந்த ஒரு வெள்ளைச் சோபா, ஜன்னல் வழியே மெல்லிய வெயில், நடுவில் நான்கே சொல்லில் ஒரு தலைப்பு. அடடா, இதுதான் வேண்டும் என்கிறார். சரி என்று போட்டுக் கொடுத்தால், சோபா இருந்த இடத்தில் கடைக்குள் டியூப்லைட்டில் செல்போனில் எடுத்த படம் வந்து உட்காருகிறது, "பவானி கைத்தறி ஜமக்காளம் மொத்தம் மற்றும் சில்லறை விற்பனை" என்ற தலைப்பு நான்கு வரியாக மடிந்து படத்தையே மூடிவிடுகிறது. பொம்மைக்குக் கட்டிய சேலை பொம்மைக்குத்தான் அப்படி நிற்கும். டெமோவின் அழகில் பாதிக்கு மேல் அந்தப் புகைப்படக்காரருடையது, தீமுடையது இல்லை.

அதனால் நான் சொல்கிற வழி இது. எந்தத் தீம் என்று முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் சரக்கைத் தயார் செய்துவிடுங்கள்: உண்மையான தலைப்புகள், உண்மையான இரண்டு பத்தி, உங்கள் போனில் எடுத்த ஐந்தாறு படங்கள், அவ்வளவு போதும். அப்புறம் இரண்டு மூன்று தீம்களில் அதே சரக்கைக் கொட்டிப் பாருங்கள். பெரிய கம்ப்யூட்டர் திரையில் இல்லை, போனில். வாங்க வருகிறவர் பார்க்கப் போவது போனில்தான்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் டெமோவில் நிரப்பி வைத்திருப்பது பெரும்பாலும் லோரம் இப்ஸம் என்ற பொருளில்லாத லத்தீன், அதில் நிறையக் குட்டிக் குட்டிச் சொற்கள். நம் சொற்கள் நீளம். ஆங்கில மெனுவில் ஆறு பட்டன் ஒரே வரியில் அடங்கும், "தயாரிப்புகள்", "வாடிக்கையாளர் கருத்துகள்" என்று போட்டால் இரண்டாவது வரிக்கு ஓடிவிடும். வரி இடைவெளியையும் பாருங்கள்: ஆங்கிலத் தலைப்புக்கு நெருக்கி வைத்திருப்பார்கள், அதில் தமிழை ஊற்றினால் மேல் வரியின் 'ழு', 'று' வாலும் கீழ் வரியின் 'தி', 'வி' மேல்விலங்கும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். லைன் ஹைட் என்ற இடத்தில் 1.6 என்று மாற்றினால் மூச்சு விடும். லெட்டர் ஸ்பேசிங், அதாவது எழுத்துக்கு எழுத்து இடைவெளி, ஏதாவது கொடுத்திருந்தால் அதைச் சுழியமாக்குங்கள், இல்லாவிட்டால் எழுத்துகள் சிதறி, சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எழுத்துருவும் அப்படித்தான், தீம் கேட்கிற ஆங்கில எழுத்துருவில் தமிழ் இருக்காது, ஆகவே ஒவ்வொரு போனும் தன்னிடம் இருப்பதைப் போட்டுக் காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒன்றை எடுத்து நிலையாக வைத்துவிடுங்கள்.

வேகத்துக்குப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவி இருக்கிறது. திரையில் இருப்பதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ இரண்டரை விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் ஸ்லைடரும் பறக்கும் எழுத்தும் நிறைந்த தீம்களில் பல இங்கேயே திணறும். எனக்கு ஸ்லைடர் என்றாலே ஆகாது, இரண்டாவது படம் வரும் வரை யார் காத்திருக்கிறார்கள்?

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ சும்மா தருகிறார்கள் என்றால் தொடாதீர்கள். இப்படிப்பட்ட திருட்டுப் பிரதியை நல்டு தீம் என்பார்கள். அதற்குள் யாருக்கும் புரியாதபடி சுருட்டி வைத்த கள்ள நிரல் இருக்கலாம். ஒரு நாள் உங்கள் ஜமக்காளக் கடைக்குள்ளிருந்து சூதாட்ட விளம்பரம் எட்டிப் பார்க்கும். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறொரு தொல்லை: சில இலவச டெம்ப்ளேட்டுகளில் அடியில் இருக்கிற வடிவமைப்பாளர் பெயரை அழித்தால், உங்கள் பக்கத்தைத் திறக்கிறவர் நேரே அவர் தளத்துக்குப் போய் நிற்பார். இறக்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதையும் பாருங்கள், இரண்டு வருடமாக யாரும் கை வைக்காத தீம் என்றால் விட்டுவிடலாம்.

எடுத்தாயிற்று, இனி மாற்றம் செய்வது. தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட் வந்ததும் உங்கள் திருத்தம் மொத்தமும் போய்விடும். சைல்டு தீம் என்று ஒன்றைத் தனியே உண்டாக்கி அதில் திருத்தினால் மூலத் தீம் புதுப்பிக்கப்பட்டாலும் உங்களுடையது அப்படியே இருக்கும். நிறத்தையும் எழுத்தளவையும் மட்டும் மாற்றுகிறவருக்கு அதுகூட வேண்டாம், அமைப்புப் பகுதியிலேயே முடித்துவிடலாம். தீமோடு ஒட்டி வருகிற பக்கம் கட்டும் கருவிகளில் மட்டும் கொஞ்சம் நிதானம். அவற்றில் சிலதை நிறுத்திவிட்டு வேறு தீமுக்குப் போனால், நீங்கள் எழுதியதற்கு நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஏதேதோ குறியீடு கொட்டிக் கிடக்கும், ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் ஒரு தடவை பக்கத்தின் அடி வரை போய்ப் பாருங்கள். டெமோவில் இருந்த அமெரிக்க முகவரியும் பொய்த் தொலைபேசி எண்ணும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.