கேஷும் காசும்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

கடையில் பொருளை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனால், 'கேஷா, ஜிபேயா?' என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் பேசத் தெரியாதவர்களும் அன்றாடம் புழங்கும் இந்தக் கேஷ் என்ற சொல், நம்முடைய காசு என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று மேடைகளில் பெருமையோடு சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தச் சொல்லின் தடத்தை நெடுநாளாகத் தேடி வருபவன் என்ற முறையில், அது பாதி உண்மை என்பதையும், அந்தப் பாதியே நமக்குப் போதுமான பெருமை என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

கடைக்காரர் கேட்கிற கேஷ், பெட்டியைக் குறிக்கும் காப்சா என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அது இத்தாலியத்தில் காசா என்றும் பிரெஞ்சில் காஸ் என்றும் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பணம் வைக்கும் பெட்டி என்ற பொருளும் அதற்கு இருந்தது. பிறகு பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. இது நமக்குப் புதிதல்ல. பணம் போட்டுவைக்கும் பெட்டியைத்தான் நாம் கல்லா என்கிறோம்; ஆனால் 'இன்றைக்கு நல்ல கல்லா' என்று ஒருவர் சொன்னால் அவர் பெட்டியைப் புகழவில்லை, அன்றைய வசூலைச் சொல்கிறார் என்பது நேயர்கள் அனைவருக்கும் தெரியும்.

அப்படியானால் நம் காசு எங்கே போயிற்று? அதுவும் ஆங்கிலத்துக்குள் போயிற்று, ஆனால் வேறு வாசல் வழியாக. நம் கரைக்கு வந்த போர்த்துகீசியர் காசு என்ற சொல்லைக் காதில் வாங்கி, கய்ஷா என்று தங்கள் வாய்க்கு வந்தபடி ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கய்ஷா என்றுதான் பெயர், அதுவும் அந்த இலத்தீன் காப்சாவின் வழிவந்ததுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற கேஷ், சிறு நாணயத்தின் பெயராயிற்று. நடுவில் சதுரத் துளையுள்ள சீனத்துச் செப்புக்காசுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள்.

சென்னை மாகாணத்தில் 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன் என்பது 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்காக இருந்தது. அந்த 20 காசு நாணயம் ஒன்றைச் சேகரிப்பாளரான நண்பரின் வீட்டில் என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். செம்பு, 1808 என்ற ஆண்டு, ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்துகள். நண்பர் விரலை வைத்து மெல்லப் படித்துக் காட்டினார்: இருபது காசு நான்கு பலூசு. பலூசு என்பது செப்புக்காசுக்கு வழங்கிய ஒரு பெயர். பர்மிங்காம் நகரத்து ஆலையில், பாரசீக எழுத்தில் பொறிக்கப்பட்ட நாணயத்தில், 'காஸ்' என்று நம் சொல் இருந்தது. இத்தகைய நாணயங்களைச் சென்னைக்கு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவில் கைமாற வேண்டிய அந்தக் காசுகள் ஏறக்குறைய 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1980களில்தான் வெளியே எடுக்கப்பட்டன.

ஆகவே கேஷ் என்பது ஒரு சொல்லன்று, ஒரே எழுத்துக்கூட்டலில் வாழ்ந்த இரண்டு சொற்கள் என்பதை மீண்டும் சொல்கிறேன். காசின் தொன்மைக்கு ஆங்கில அகராதி சாட்சி சொல்ல வேண்டியதில்லை. கிளி தன் வளைந்த அலகில் கவ்விய வேப்பம்பழம், பொன் அணிக்குப் புதுநூல் கோக்கிறவனின் கூரிய நகத்தில் இருக்கும் ஒரு காசைப் போல் தோன்றுகிறது என்று குறுந்தொகை காட்டுகிறது. அங்கே காசு செலாவணி நாணயமன்று, அணியில் கோக்கும் பொன்மணி. இந்தப் பாட்டைப் பற்றி விரித்துச் சொல்ல எண்ணியிருந்தேன், ஆனால் நேரம் நெருங்கிவிட்டது.

இன்னும் ஒன்றே ஒன்று. வங்கியில் இருக்கும் கேஷியர், அதாவது காசாளர், பெட்டியின் வழிவந்தவர். படை அதிகாரி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவதையும் ஆங்கிலத்தில் கேஷியர் என்ற அதே எழுத்துகளால் எழுதுவார்கள். அது டச்சு வழியாக வந்த முற்றிலும் வேறு சொல். அதற்குப் பெட்டியோடும் உறவில்லை, காசோடும் உறவில்லை. வணக்கம்.