டொமைன் எங்கே வாங்குவது? கொடிகாமத்துத் தங்கச்சியின் கேள்வி

சரி, அடுத்த கேள்வி. கொடிகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "அண்ணா, அம்மா இடிக்கிற மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் விற்க ஒரு வெப்சைட் தொடங்கப்போகிறோம். டாட் காம் பெயர் ஓரிடத்தில் ஒரு டொலர், இன்னோரிடத்தில் பதினொரு டொலர். எதில் வாங்குவது?"

முதலில் அந்த ஒரு டொலரைப் பார்ப்போம். டொமைன் என்றால் வெப்சைட்டின் முகவரிப் பெயர். டாட் காம் என்று முடியும் பெயர்கள் எல்லாவற்றின் பதிவேடும் வெரிசைன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. நீங்கள் காசு கட்டும் ரெஜிஸ்ட்ரார், உங்களுக்காக அங்கே பெயரைப் பதிந்து தருகிற முகவர், அவ்வளவுதான். எந்த முகவர் பதிந்தாலும் வருடத்துக்கு வெரிசைனுக்குக் கட்டவேண்டிய தொகை ஒன்றுதான். 2024 செப்டெம்பரில் அது 10.26 டொலராக ஏறியது. அப்படியென்றால் ஒரு டொலருக்குத் தருபவர் முதல் வருடம் கைக்காசு போட்டுத் தருகிறார். அதை அடுத்த வருடம் உங்களிடமே எடுப்பார். ஆகவே புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். பெயரைக் கூடையில் போட்டதும் சின்ன எழுத்தில் கீழே கிடக்கும். கிளவுட்ஃபிளேர் என்ற முகவர் அடக்க விலைக்கே தருகிறது, ஆனால் பெயரைத் தட்டுபவரை உங்கள் சைட்டுக்கு வழிகாட்டும் நேம்சேர்வராக அவர்களுடையதைத்தான் பாவிக்க வேண்டும். போர்க்பன் என்ற இன்னொரு முகவரிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை, விலை கொஞ்சம் கூட. பதியும்போது நீங்கள் கொடுக்கும் வீட்டு விலாசத்தை வெளியில் தெரியாமல் மறைப்பதற்குத் தனிக் காசு கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் அது சும்மா கிடைக்கிறது.

ஆனால் விலையைவிட எனக்குக் கவலை, முகவரிடம் பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதுதான். மருதனார்மடம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். வெப்சைட் செய்து கொடுத்த பெடியன் டொமைனைத் தன் கணக்கிலேயே வாங்கிவிட்டுப் பிறகு வெளிநாடு போய்விட்டார். பெயர் காலாவதியான நாளில் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, நினைவூட்டல் எல்லாம் அந்தப் பெடியனுடைய ஈமெயிலுக்கே போயிருக்கிறது. அக்கா என்னிடம் வரும்போது பெயரை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். பழைய பிஸ்கட் ரின் ஒன்றைத் திறந்து, அந்த முகவரி அடித்த விசிட்டிங் கார்ட் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அதனால் தங்கச்சி, கணக்கை நீங்களே திறவுங்கள். கனடாவில் இருக்கும் மாமாவின் கார்டில் காசு கட்டலாம், தவறில்லை. கணக்கும் ஈமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். அந்த ஈமெயில் நீங்கள் வாங்கும் டொமைனிலேயே உள்ளதாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த ஈமெயிலும் சேர்ந்து நின்றுவிடும், நினைவூட்டலைப் பார்க்கவே முடியாது. ஜிமெயில் போதும். வாங்கியவுடன் உங்கள் ஈமெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும், 15 நாளுக்குள் அதிலுள்ள லிங்கை அமத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சைட்டை நிறுத்திவிடுவார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஓட்டோ ரினியூவைப் போட்டுவைத்தாலும், மாமா கார்டை மாற்றினால் காசு வெட்டுப்படாது. கலண்டரில் ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள்.

தவறிப்போனாலும் உடனே பறிபோகாது. முகவரைப் பொறுத்துச் சில வாரம், 45 நாள் வரைகூட, வழக்கமான புதுப்பிக்கும் விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதன்பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் தண்டமும் சேர்த்துக் கட்டவேண்டும், அது கன காசு. அதுவும் போனால் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும்.

முகவர் பிடிக்கவில்லை என்றால் மாறலாம். ஓத் கோட் என்ற இரகசியக் குறியீட்டை வாங்கிப் புதிய இடத்தில் கொடுத்தால் சரி. மாற்றும்போது கட்டும் காசுக்கு ஒரு வருடமும் கூடும். ஆனால் பதிந்து முதல் 60 நாளுக்கு மாற்ற விடமாட்டார்கள்.

இலங்கைக்குரிய டாட் எல்கேயும் யோசிக்கலாம். அதை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் ரூபாயிலேயே கட்டி எடுக்கலாம், வெளிநாட்டுக் கார்ட் தேவையில்லை. தமிழிலேயே டாட் இலங்கை என்றும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆனால் அம்மாவின் தூளை வாங்கப்போகிறவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தால், டாட் காமை முதலில் எடுத்துவிடுங்கள்.